முதுகில் குத்த முதுகு வேண்டாம்!

சிலருக்கு ஒரு பாட்டு, சிலருக்கு ஒரு சினிமா வசனம். எனக்கு ஒரு விதி. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தின் 2014-ஆம் ஆண்டு 'பிளேயர்ஸ் ஹேண்ட்புக்'கில், ரோக் பாத்திரத்துக்கான பக்கங்களில், 'ஸ்னீக் அட்டாக்' என்ற தலைப்பில் வரும் சின்ன விதி அது. படித்து முடிக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. அதை வைத்துக்கொண்டு நானும் என் கூட்டாளிகளும் எத்தனை ராத்திரி மல்லுக்கட்டியிருக்கிறோம், எத்தனை முறை விழுந்து விழுந்து சிரித்திருக்கிறோம் என்பதற்குக் கணக்கே இல்லை. நான் இந்தப் பேச்சை எடுத்தாலே வீட்டில் "ஆரம்பிச்சாச்சு" என்று எழுந்து போய்விடுகிறார்கள். நீங்கள் போக மாட்டீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

ஆட்டம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மேசையைச் சுற்றி நாலைந்து பேர் உட்காருவோம். ஒருவர் டன்ஜன் மாஸ்டர், எங்கள் பாஷையில் டிஎம். காடு, கோட்டை, பூதம், சத்திரக்காரர் எல்லாமே அவர் பொறுப்பு. மற்றவர்களுக்கு ஆளுக்கொரு பாத்திரம். கதையை வாயால் சொல்லிக்கொண்டே போவோம். நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வரும் இடத்தில் இருபது முகப் பகடை உருளும். சண்டை மூண்டால் மட்டும் நேரத்தைத் துண்டு துண்டாக நறுக்கிவிடுவார்கள். ஆறு விநாடி சேர்ந்தால் ஒரு ரவுண்டு. அந்த ரவுண்டுக்குள் களத்தில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு டர்ன், அடுத்தவர் டர்னில் குறுக்கிட ஒரு ரியாக்‌ஷன். ரவுண்டு, டர்ன் இரண்டையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். புதையல் அங்கேதான் புதைந்திருக்கிறது.

இப்போது ரோக். திருடன், ஒற்றன், பூட்டுத் திறக்கிறவன், நாக்கில் தேன் தடவிப் பேசுகிறவன். சண்டை என்று வந்தால் ஆள் கொஞ்சம் நோஞ்சான். போர்வீரனான ஃபைட்டர் ஐந்தாம் லெவலிலிருந்து ஒரே டர்னில் இரண்டு அடி அடிப்பான். ரோக்குக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது. அதை ஈடுகட்டத்தான் ஸ்னீக் அட்டாக். என் சொந்த வார்த்தையில் சொன்னால் விதி இவ்வளவுதான்: ஒரு டர்னுக்கு ஒரு முறை, உன் அடி பட்டால், கூடுதலாக ஆறு முகப் பகடைகளை உருட்டி அந்தச் சேதத்தையும் சேர்த்துக்கொள். ஆயுதம் குறுவாள்போல ஃபினெஸ் வகையாக இருக்க வேண்டும், இல்லையென்றால் வில்போல எட்ட நின்று தாக்கும் வகையாக இருக்க வேண்டும். அந்த அடியில் உனக்கு அட்வான்டேஜ் இருக்க வேண்டும். அதாவது இரண்டு பகடை உருட்டி, பெரியதை எடுத்துக்கொள்ளும் சலுகை. அது இல்லையா? பரவாயில்லை. நீ குறிவைக்கும் ஆளின் இன்னொரு எதிரி, சுயநினைவோடும் தெம்போடும், அவனுக்கு ஐந்து அடி தூரத்துக்குள் நின்றால் போதும். ஆனால் உனக்கு டிஸ்அட்வான்டேஜ் இருக்கக் கூடாது. முதல் லெவலில் ஒரு பகடை, ஐந்தாம் லெவலில் மூன்று, பத்தொன்பதாம் லெவலில் பத்து. இருபது விழுந்து கிரிட்டிக்கல் ஆனால் அந்தப் பத்தும் இருபதாகும். இருபது பகடையை இரண்டு கையிலும் அள்ளி மேசையில் கொட்டும் சத்தம் இருக்கிறதே, அதற்காகவே ரோக்காகப் பிறக்கலாம்!

இனி இந்த விதியில் எது எழுதப்படவில்லை என்று பாருங்கள். ஒளிந்திருக்க வேண்டும் என்று இல்லை. எதிரி அசந்திருக்க வேண்டும் என்று இல்லை. முதுகுப் பக்கம் போக வேண்டும் என்றும் இல்லை. பெயரில்தான் பதுங்கல், விதியில் அதன் வாடையே கிடையாது. பட்டப்பகலில், நேருக்கு நேர், மீசையை முறுக்கிக்கொண்டு நின்று குத்தலாம். பக்கத்தில் உன் ஃபைட்டர் வாளோடு நின்றால், எதிரியின் கவனம் அரைக் கணம் அந்தப் பக்கம் போகும். அந்த அரைக் கணம் உனக்குப் போதும். புதிதாக ஆட வருகிறவர்கள் எல்லோரும் "நான் முதல்ல ஒளியணுமே" என்று தயங்குவார்கள். வேண்டாம் தம்பி, தைரியமாகக் குத்து என்று சொல்லும்போது அவர்கள் முகம் மலர்வதைப் பார்க்கக் கண் கோடி வேண்டும்.

முதுகு தேவைப்பட்ட காலமும் இருந்தது. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் சேர்ந்து 1974-இல் இந்த ஆட்டத்தை வெளியிட்டபோது திருடன் பாத்திரமே கிடையாது. அடுத்த ஆண்டு 'கிரேஹாக்' என்ற இணைப்பு நூலில்தான் வந்தான். 1978-இன் பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கில் அவனுடைய வித்தைக்குப் பெயர் பேக்ஸ்டாப். பின்னால் இருந்து குத்தினால் சேதம் இரண்டு மடங்கு. லெவல் ஏற ஏற மூன்று, நான்கு, கடைசியில் ஐந்து மடங்கு. கேட்க அமர்க்களமாக இருக்கிறது, சரி. ஆனால் பின்னால் என்றால் எது பின்னால்? நாலு பேர் சுற்றி நின்று அடிக்கும்போது பூதத்தின் முகம் எந்தப் பக்கம்? எதை மடங்காக்குவது, ஆயுதத்தின் சேதத்தை மட்டுமா, பலத்தால் வரும் கூடுதலையும் சேர்த்தா? மேசைக்கு மேசை தீர்ப்பு மாறியது. 2000-இல் வந்த மூன்றாம் பதிப்பு மடங்குக் கணக்கைத் தூக்கி எறிந்துவிட்டுப் பகடைகளைக் கொடுத்தது. பெயரையும் ஸ்னீக் அட்டாக் என்று மாற்றியது. கூடவே ஒரு கொடுமையும் செய்தது: உயிர்நாடியான உறுப்பு இல்லாத ஜீவன்கள்மேல் இது செல்லாது. எலும்புக்கூடு, நடைப்பிணம், கற்சிலை, கொழகொழ ஜெல்லி எதன்மேலும் பலிக்காது. கதை ஒரு சுடுகாட்டுக்குள் நுழைந்தால் ரோக்காக ஆடுகிறவர் கைபேசியை எடுத்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

2014-இன் ஐந்தாம் பதிப்பில் அந்தத் தடை இல்லை. ஜெலட்டினஸ் கியூப் என்று ஒரு பிராணி உண்டு. நடைபாதை அளவுக்கு ஒரு கண்ணாடி ஜெல்லிக் கட்டி. அதன்மேல் ஸ்னீக் அட்டாக் போடப்போகிறேன் என்று நான் சொன்னதும் மேசையே கொந்தளித்தது. ஜெல்லிக்கு ஏது இதயம், ஏது கழுத்து? விதி அதைக் கேட்கவே இல்லை! அடி பட்டதா, ஆயுதம் சரியா, பக்கத்தில் ஆள் இருக்கிறானா? மூன்றுக்கும் ஆமாம் என்றால் பகடையை எடு. எந்த இடத்தில் குத்தினால் ஜெல்லி வலியில் துடிக்கும் என்பதைக் கற்பனை செய்வது நம் பொறுப்பு. விதி கணக்கை மட்டும் தன்னிடம் வைத்துக்கொண்டு கதையை நம்மிடம் விட்டுவிடுகிறது. இந்தப் பெருந்தன்மை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

சரி, புதையலுக்கு வருவோம். எங்கள் டிஎம் ஓர் அக்கா. பொறுமைசாலி, ஆனால் சலுகை தரமாட்டார். பாலத்தின் நடுவே ஓர் ஓகரை நிறுத்திவிட்டார். 59 உயிர்ப்புள்ளி, கையில் மரக்கட்டை. நான் என் டர்னில் போய்க் குத்தி, ஸ்னீக் அட்டாக் பகடைகளையும் உருட்டி முடித்துவிட்டேன். அடுத்தது ஃபைட்டராக ஆடும் தோழி. பேட்டில் மாஸ்டர் வகை.

"கமாண்டர்ஸ் ஸ்டிரைக்," என்றாள். "என் அடி ஒண்ணை விட்டுக்கொடுக்கிறேன். போனஸ் ஆக்‌ஷனும் போகட்டும். ரோக்கைப் பார்த்து, 'இப்ப குத்து'ன்னு கத்துறேன்."

"அவன் ரியாக்‌ஷன்ல குத்தலாம்," என்றார் அக்கா. "ஆனா ஸ்னீக் அட்டாக் கிடையாது. இப்பத்தானே போட்டான்."

"அக்கா, டர்னுக்கு ஒரு தடவைன்னுதான் போட்டிருக்கு. அது என் டர்ன். இது அவளோடது."

மேசையில் ஒரு சத்தம் இல்லை. அக்கா புத்தகத்தைத் திருப்பி, விரலை வைத்து வரி வரியாகப் படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "ரவுண்டுக்கு ஒண்ணுன்னு போட்டிருந்தா இவங்களுக்கு என்ன குறைஞ்சு போயிருக்கும்!" என்றார். நான் உருட்டினேன். ஆறு, ஐந்து, நான்கு. குறுவாளுக்கு மூன்று, கைத்திறனுக்கு நான்கு, தோழி கொடுத்த எட்டு முகப் பகடையில் ஆறு. மொத்தம் 28! ஓகர் ஆடிப்போய்விட்டது. நாங்கள் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டில் விளக்கு எரிந்தது.

அக்காவின் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியும்: ஆட்டமே குறைந்து போயிருக்கும். ரவுண்டுக்கு ஒன்று என்றிருந்தால், என் டர்ன் முடிந்ததும் நான் வேடிக்கை பார்க்கும் ஆள். டர்னுக்கு ஒன்று என்பதால், மற்றவர்களின் ஒவ்வொரு டர்னிலும் எனக்கு ஒரு கதவு திறந்திருக்கிறது. ஐந்தாம் லெவலில் மூன்று பகடையின் சராசரி பத்தரை. ஒரே ரவுண்டில் இரண்டு முறை விழுந்தால் இருபத்தொன்று. மந்திரவாதி என்மேல் ஹேஸ்ட் போட்டால் அதிலும் ஒரு வழி: ஹேஸ்ட் தரும் கூடுதல் ஆக்‌ஷனில் இப்போது ஓர் அடி, என் சொந்த ஆக்‌ஷனை 'ரெடி' செய்து வைத்துக்கொண்டு அடுத்தவர் டர்னில் இன்னோர் அடி.

இலவசமாக எதுவும் இல்லை என்பதுதான் இதில் அழகு. ரியாக்‌ஷன் உன் அடுத்த டர்ன் வரும்வரை ஒன்றே ஒன்று. அதைக் குத்தச் செலவழித்துவிட்டால், ஓகரின் கட்டை திரும்பி வரும்போது சேதத்தைப் பாதியாக்கும் 'அன்கேனி டாட்ஜ்' கிடையாது. இரண்டாவது குத்தா, என் மண்டையா? ஒரு சொல்லைக் கூர்ந்து படித்ததில் இப்படியொரு தர்மசங்கடம் பிறக்கிறதே, இதைவிட என்ன வேண்டும்!

இன்னொரு நுணுக்கம். எதிரி உன் கைக்கெட்டும் தூரத்தை விட்டு நழுவும்போது ரியாக்‌ஷனில் ஓர் அடி அடிக்கலாம், ஆப்பர்சூனிட்டி அட்டாக். அந்த அடி எப்போது விழுகிறது? அவன் விலகிப் போவதற்குச் சற்று முன்னால் என்று புத்தகம் தெளிவாகச் சொல்லிவிடுகிறது. அப்படியானால் அடி விழும் கணத்தில் அவன் இன்னும் அதே கட்டத்தில்தான் நிற்கிறான். என் ஃபைட்டரும் அவன் பக்கத்திலேயே இருக்கிறாள். ஓடுகிறவன்மேலும் ஸ்னீக் அட்டாக் செல்லும்! எல்பிடபிள்யூ கேட்டுக் கத்துகிற கிரிக்கெட் ரசிகர் பந்து எங்கே குத்தியது, காலில் எங்கே பட்டது, ஸ்டம்புக்குப் போயிருக்குமா என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்பாரே, அதே கிறுக்குதான் எங்களுக்கும்.

கிறுக்கின் உச்சம் மூடுபனி. 'ஃபாக் கிளவுட்' மந்திரத்துக்குள் சண்டை. எனக்கு எதிரி தெரியவில்லை, அதனால் டிஸ்அட்வான்டேஜ். அவனுக்கும் நான் தெரியவில்லை; அதனால் எனக்கு அட்வான்டேஜ். இரண்டும் சேர்ந்தால் எத்தனைக்கு எத்தனை என்று எண்ணக் கூடாது. ஒன்றையொன்று அடித்துக்கொண்டு, இரண்டுமே இல்லாத நிலை. இப்போது எனக்கு விஷமும் ஏறியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். விஷம் என்றால் இன்னொரு டிஸ்அட்வான்டேஜ். வெளியே, வெயிலில் நின்றால் இந்த நிலையில் ஸ்னீக் அட்டாக் கிடையாது. பனிக்குள்ளே? ஓர் அட்வான்டேஜ் எத்தனை டிஸ்அட்வான்டேஜையும் அழித்துவிடும். எனக்கு டிஸ்அட்வான்டேஜ் இல்லை, எதிரியின் பக்கத்தில் தோழி இருக்கிறாள், செல்லும்! விஷம் ஏறி, கண்ணும் தெரியாத ரோக், நல்ல வெளிச்சத்தில் நிற்பதைவிட அபாயகரமானவன். எழுத்துப்படி இதில் ஓட்டையே இல்லை. அக்கா தலையில் கை வைத்துக்கொண்டு ஒரு நிமிடம் சும்மா இருந்தார். பிறகு, "கண்ணு தெரியலைன்னா காது கூர்மையாகும்னு எடுத்துக்கறேன்," என்று விட்டுக்கொடுத்தார்.

எழுத்து ஒன்று சொல்ல, எழுதியவர் மனதில் வேறொன்று இருந்திருந்தால்? இந்தக் கேள்வி எங்களோடு தொடங்கியதல்ல. 'டிராகன்' பத்திரிகையில் 'சேஜ் அட்வைஸ்' என்ற கேள்வி பதில் பகுதி 1979-இலேயே ஜீன் வெல்ஸ் கையால் தொடங்கிவிட்டது. ஐந்தாம் பதிப்பு வந்த பிறகு அதே பெயரில் பதில் சொன்னவர் ஜெரமி கிராஃபர்ட். ஒரு விதியை மூன்று விதமாகப் பார்க்கலாம் என்று அவர் 2015-இல் விளக்கினார்: எழுதியபடி, எழுதியவர் எண்ணியபடி, மேசையில் குதூகலம் தருகிறபடி. எங்களுக்குப் பெரிய வரப்பிரசாதம் இது. வாதம் முற்றும்போது "நீ எதைப் பேசுற, எழுத்தையா, எண்ணத்தையா?" என்று கேட்டால் பாதி சண்டை அங்கேயே அடங்கிவிடும்.

கைமுஷ்டி வழக்கு இதற்கு நல்ல உதாரணம். 2014 பதிப்பில் 'மெலீ வெப்பன் அட்டாக்' என்ற வகைக்குள் வெறுங்கைக் குத்தும் அடங்கும். ஆனால் முஷ்டி ஆயுதம் ஆகாது. அதனால் மாங்க் பாத்திரம் தன் முஷ்டியால் எதிரியைத் திகைக்க வைக்கும் ஸ்டன்னிங் ஸ்டிரைக் போடலாம். ரோக் முஷ்டியால் ஸ்னீக் அட்டாக் போட முடியாது. பாலடின் பாத்திரம் முஷ்டியில் டிவைன் ஸ்மைட் என்ற தெய்வீக அடியை ஏற்றலாமா? ஆகாது என்றது சேஜ் அட்வைஸ். ஏற்றினால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்டன பல மேசைகள். 2024-இல் வந்த புதிய பதிப்பு முஷ்டிக்கும் ஸ்மைட் செல்லும் என்று எழுதியே விட்டது. தோற்ற கட்சி பத்தாண்டு கழித்து ஜெயித்தால் எப்படி இருக்கும்! எங்கள் பாலடின் அன்றைக்கு மேசையையே ஒரு குத்து குத்தினான்.

அதே 2024 பதிப்பு என் ஆசை விதியிலும் கை வைத்திருக்கிறது. 2014-இல் எதிரிக்கு 'இன்னோர் எதிரி' பக்கத்தில் இருந்தால் போதும். அவன் எனக்கு நண்பனாக இருக்க வேண்டிய அவசியமில்லை. இரண்டு கொள்ளைக் கூட்டங்கள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டிருக்க, நான் மரத்தின்மேல் உட்கார்ந்து நிதானமாக அம்பு விட்டு, ஒவ்வோர் அம்புக்கும் ஸ்னீக் அட்டாக் வாங்கியிருக்கிறேன். புதிய பதிப்பில் பக்கத்தில் நிற்கிறவர் என் கூட்டாளியாக இருக்க வேண்டும். மரத்து வித்தை போயிற்று. அதற்கு ஈடாக ஐந்தாம் லெவலில் 'கன்னிங் ஸ்டிரைக்' கொடுத்திருக்கிறார்கள்: ஒரு பகடையை விட்டுக்கொடுத்தால், குத்தும்போதே எதிரியைத் தடுக்கி விழவைக்கப் பார்க்கலாம், விஷம் ஏற்றப் பார்க்கலாம், குத்திவிட்டு ஆப்பர்சூனிட்டி அட்டாக் வாங்காமல் நழுவலாம். பகடையைத் தூக்கிக் கொடுக்க மனசு வராது. கொடுத்த பிறகு ஓகர் தொப்பென்று விழும்போது அத்தனையும் மறந்துவிடும்.

எங்கள் மேசையில் இதற்கெல்லாம் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். சந்தேகம் வந்தால் முதலில் விதியை உரக்கப் படிக்க வேண்டும். நினைவிலிருந்து சொல்லக் கூடாது. பொது விதியும் குறிப்பிட்ட திறனின் விதியும் மோதினால் குறிப்பிட்டதே செல்லும். இது புத்தகமே சொல்லும் கட்டளை. அப்படியும் தீராவிட்டால் அக்கா சொன்னதுதான் தீர்ப்பு, ஆட்டம் நிற்கக் கூடாது. மேல்முறையீடு எல்லாம் டீ குடிக்கும்போது. நம்பினால் நம்புங்கள், அந்த டீக்கடை வாதம்தான் பல நாள் ஆட்டத்தைவிட ருசி.

இத்தனை நாள் இந்த விதியைத் திருப்பித் திருப்பிப் படித்ததில் எனக்குப் பிடிபட்டது ஒன்று. ரோக் என்றாலே தனிக்காட்டு ராஜா, யாரையும் நம்பாதவன், இருட்டில் ஒற்றையாகத் திரிகிறவன் என்றுதான் எல்லோரும் பாத்திரம் எழுதிக்கொண்டு வருகிறார்கள். விதியோ நேர் எதிராகச் சொல்கிறது. களத்தில் அவனைப்போல் அடுத்தவரை அண்டிப் பிழைக்கிறவன் கிடையாது. ஃபைட்டர் பக்கத்தில் நின்றால்தான் அவனுக்குப் பகடை. தோழி கத்தினால்தான் இரண்டாவது குத்து. மந்திரவாதி மனசு வைத்தால்தான் ஹேஸ்ட். 'ஒற்றுமையாக ஆடுங்கள்' என்று எந்தப் பக்கத்திலும் உபதேசம் இல்லை. ஐந்து அடி, ஒரு டர்ன், ஒரு ரியாக்‌ஷன் என்று மூன்று நிபந்தனையை வைத்தே, தனியாகத் திரிய நினைத்தவனைக் கூட்டத்துக்குள் இழுத்துக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள். விதி எழுதுவதில் இதைவிடப் பெரிய கெட்டிக்காரத்தனம் இருந்தால் எனக்குக் காட்டுங்கள்!

புத்தகம் வாங்க இப்போது காசில்லையா, கவலை வேண்டாம். 2014 பதிப்பின் அடிப்படை விதிகள் 5.1 என்ற எண்ணோடு 2023 ஜனவரியிலிருந்து கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. இறக்கிக்கொள்ளுங்கள். ரோக் பக்கத்தைத் திறந்து அந்த விதியை ஒரு முறை மெதுவாகப் படியுங்கள். பிறகு நாலு பேரைக் கூப்பிட்டு, அவர்களையும் படிக்கச் சொல்லி, என்ன புரிந்தது என்று கேளுங்கள். நாலு பேரும் நாலு விதமாகச் சொன்னால், ஆட்டம் ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். பகடை வாங்கக் கடைக்குக் கிளம்புங்கள். ஆறு முகப் பகடையை மட்டும் கொஞ்சம் அதிகமாகவே வாங்குங்கள்.